உடன் வந்தவர் பெயர்

கோமளா என்று எழுதியிருக்கிறார். தப்பில்லாமல், நிறுத்தி, நிதானமாக எழுதியிருக்கிறார். அருங்காட்சியகத்து வருகைப் பதிவேட்டில் பெயர் என்ற கட்டத்தில் அருணகிரி, உடன் வந்தவர் பெயர் என்ற கட்டத்தில் கோமளா, ஊர் திருச்சி, நபர்கள் இரண்டு. எழுதி முடித்து, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி உள்ளே போய் நங்கூரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவரைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவும் இல்லை. எழுதியது கைதான், கைக்குப் பழக்கம் இருக்கிறது, இருபத்தாறு வருஷப் பழக்கம். நான் கோமளா இல்லை. நான் பூங்கோதை. கோமளா இறந்து நான்கு வருஷமாகிறது, எனக்கும் இவருக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு நாளாகிறது. எனக்கு நாற்பத்தாறு வயசு, அவருக்கு ஐம்பத்து நாலு, எங்களுடையதைத் தேன்நிலவு என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று நாங்களே அதைக் கடற்கரைக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறோம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். பதிவேட்டைத் தலைகீழாகப் படிக்க எனக்கு நன்றாக வரும், வேலை அப்படி. ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று இன்னொரு தடவை பார்த்தேன். நன்றாகத்தான் தெரிந்தது. மை இன்னும் காயவில்லை.

நங்கூரம் பெரிசு, துருப்பிடித்துத் தோல் உரிந்து கிடக்கிறது, அதைப் பற்றி எழுதியிருக்கும் அட்டை அதைவிடப் பெரிசு. இவர் அதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிப்பார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நங்கூரத்தை ஒரு பார்வை பார்ப்பார், சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவார். நில அளவைத் துறையில் வரைபடம் போடுகிறவர், எழுத்தில் இருந்தால்தான் எதுவும் இருக்கிறது அவருக்கு. மூன்று நாளாக இதுதான் நடக்கிறது. முதல் நாள் சிப்பி அருங்காட்சியகம், கடலுக்குள் காலை வைத்தால் சும்மா கிடைக்கிற சிப்பியைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் நாள் யாரோ ஒரு துரை வாழ்ந்த வீடு, அதில் நாலு கால் மண்டபம் மாதிரி ஒரு கட்டில், சுற்றிக் கயிறு கட்டித் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. தேன்நிலவுக்கு வந்த இடத்தில் கட்டிலுக்கு முன்னால் நின்று தொடாதீர்கள் என்று படித்துக்கொண்டிருந்தது என் தலையெழுத்து என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், அவர் அதற்குள் தலையணை உறையின் சரிகை பற்றிப் படிக்கப் போய்விட்டார். இன்றைக்கு இது. கடல் இந்தக் கட்டடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, சாலையைக் கடந்தால் மணல், மணலைக் கடந்தால் தண்ணீர், அவ்வளவுதான். ஜன்னல் வழியாக அதன் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளின் மேல் கடலில் பட்டு வருகிற வெளிச்சம் நெளிகிறது, பீங்கான் ஓடுகளும் பழைய சாவிகளும் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி ஆடுகின்றன. மணி மூன்றே முக்கால். ஐந்தரைக்குள் நான் ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும். விடுதி வார்டன் அவர். பதினோரு வருஷமாக நான் இருந்த அறையைப் பதினெட்டு நாளாகப் பூட்டியே வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் அக்கா என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. "அஞ்சரைக்குள்ள போன் வந்தா ரூம் உனக்கு. வரலைன்னா ஆறு மணிக்கு வர்ற பொண்ணுகிட்ட சாவியக் குடுத்துடுவேன். கோச்சுக்கக் கூடாது பூங்கோதை" என்று காலையில் சொன்னார். கல்யாணமான பெண்ணுக்கு எதற்கு விடுதி அறை என்று அவர் கேட்கவில்லை. விடுதி நடத்துகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியும்.

ரத்த வங்கியில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். அங்கே ஒரு முறை உண்டு, யார் வந்து படுத்தாலும் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் செல்விதானே என்று கேட்கக் கூடாது, உங்கள் பெயர் சொல்லுங்கள் என்றுதான் கேட்க வேண்டும். ஏனென்றால் பயந்தவர்கள் எதற்கும் தலையை ஆட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் நான் அவசரத்தில் ஒரு பெரியவரிடம் நீங்கள் ராஜாமணிதானே ஐயா என்று கேட்டேன், அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார், ராஜாமணி பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு சோதனையில் பிடிபட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. பெரியவரிடம் போய் ஏன் ஐயா தலையாட்டினீர்கள் என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்களேம்மா" என்றார். அதற்குப் பிறகு நான் யார் பெயரையும் யார் வாயிலும் திணித்ததில்லை. தப்பான பெயர் ஒட்டிய குப்பி வந்தால் கொட்டிவிட வேண்டும். உள்ளே இருப்பது சரியான ரத்தம்தான் என்று நமக்கே தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். நான் எத்தனையோ கொட்டியிருக்கிறேன். இவரும் அங்கேதான் எனக்குப் பழக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்க வருவார், கோமளா இறந்த வருஷத்திலிருந்து வர ஆரம்பித்தார், மனைவிக்கு ஏற்றிய ரத்தத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஒரு கணக்கு. உங்கள் பெயர் சொல்லுங்கள் என்பேன், அருணகிரி என்பார். பத்தாவது தடவையோ என்னவோ, "நான் யாருன்னு இன்னுமா உங்களுக்குத் தெரியல?" என்றார். தெரிந்தாலும் கேட்கணும் சார் என்றேன். "அப்ப உங்க பேர் என்னன்னு நானும் கேக்கலாமா?" என்று கேட்டுவிட்டுக் காது சிவந்துபோனார். சொன்னேன். நாற்பது வயசுக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை என் பெயரைக் கேட்டு அப்படி வெட்கப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அவர் என் பெயரைக் கேட்டாரே தவிரத் திருப்பிச் சொல்லவில்லை.

பதினெட்டு நாளிலும் சொல்லவில்லை. இந்தாம்மா என்பார், ஏம்மா என்பார், சில சமயம் ஒன்றும் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார், நான் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆண்கள் பெண்டாட்டி பெயரைச் சொல்லக் கூச்சப்படுவது உண்டு, என் அப்பாவே அம்மாவை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, அதனால் நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் ஒரு ஆசை இருந்தது. என் அப்பா மேடைத் தமிழில் மயங்கி வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணினார்கள், வங்கியில் பாதிப் பேர் பூங்கொடி என்று எழுதிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், ஆனாலும் அது என் பெயர், யாராவது அதை அன்பாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு நாற்பத்தாறு வருஷமாக ஆசை. இவர் வீட்டுக்குப் போன முதல் நாள் சமையலறையில் நின்றேன். டப்பாக்களில் கோமளாவின் கையெழுத்து, ரவை, கடலை, வெந்தயம், மல்லி. ரவை டப்பாவில் சர்க்கரை இருந்தது, இவர் நாலு வருஷமாகக் கைக்கு வந்ததைக் கைக்கு வந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். நான் மாற்றவில்லை. ரவை என்று எழுதியிருக்கிற டப்பாவில் ஸ்பூனை விட்டு அவருக்குக் காப்பி போட்டேன். கூடத்தில் இருக்கும் படத்துக்கு நானே பூ வைக்கிறேன், எனக்கு அந்தப் பெண் மேல் ஒரு வருத்தமும் இல்லை, நல்ல முகம், கொஞ்சம் குறும்பு. காலையில் இவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், ஏதோ ஸ்லோகம், நிறுத்தி நிறுத்தி, சொன்னதையே திரும்பத் திரும்ப. அதுவும் கோமளாவுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் தொண்டையைச் செருமுவார், இந்தாம்மா என்பார்.

ஆமையின் மண்டையோட்டுக்குக் கீழே சீனத்துப் பீங்கான் கிண்ணம் என்று எழுதியிருக்கிறது. கிண்ணத்துக்குக் கீழே கடலாமை, வயது ஏறத்தாழ நூறு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி நின்றேன், முடியவில்லை, டிக்கெட் கிழித்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "வெள்ளையடிச்சப்ப மாறிப் போச்சும்மா. மாத்தணும், சாவி ஆபீசர்கிட்ட இருக்கு" என்றார். எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். "அது ஆவுதும்மா ரெண்டு வருசம். யாரும் கேக்கல" என்றார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, கலியபெருமாள் என்று இருந்தது, அவருக்காவது சரியான அட்டை மாட்டியிருக்கிறார்கள். அவர் போகவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார நாலஞ்சு வருசமா காணுமேன்னு நெனச்சுக்குவேன். வருசா வருசம் வந்துடுவீங்களே. நோட்டுல பாத்ததும்தான் ஞாபகம் வந்திச்சு. நீங்க கோமளாம்மாதானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஆயிரக்கணக்கான பேரிடம் பெயர் கேட்டவள், ஒரு ஆள் எதிரில் நின்று நீங்கள் இன்னார்தானே என்று சிரித்த முகமாகக் கேட்டதும் ஆமாம் என்று ஆட்டிவிட்டேன். அந்தப் பெரியவர் சொன்னது சரிதான், கேட்டார்களே. "நல்லா எளச்சுட்டீங்க, அதான் அடையாளம் தெரியல. ஒக்காருங்கம்மா, ஒங்க பெஞ்சு அங்கதான் கெடக்குது" என்று ஜன்னலோரம் கையைக் காட்டினார். "சார் எல்லாத்தையும் படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க அங்கதான ஒக்காந்திருப்பீங்க, கடலப் பாத்துக்கிட்டு. ஒரு தடவயாச்சும் இந்த மனுசன் எங்கூட வந்து தண்ணில கால வப்பாரான்னு பாக்கறேன் கலியபெருமாளுன்னு சொல்லிச் சிரிப்பீங்க. வச்சாராம்மா?" என்றார். இல்லை என்றேன். அது பொய்யில்லை, எந்தப் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டாலும் அதுதான் பதில்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். மரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஒரு ஓரத்தில் மட்டும், ஜன்னல் பக்க ஓரத்தில். நான் உட்கார்ந்திருப்பதும் அந்த ஓரத்தில்தான். எத்தனை வருஷம் இப்படி உட்கார்ந்தாய் கோமளா, கடலைப் பார்க்க வந்துவிட்டு நங்கூரத்தைப் பார்த்தவரைப் பார்த்துக்கொண்டு. விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. உப்பு வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் சேர்ந்து கண்ணைச் செருகுகிறது. எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மரக்கப்பல், கையளவு பாய்கள், அந்தக் கண்ணாடியில் என் முகம், முகத்துக்குள் கப்பல். நான் கொஞ்சம் சாய்ந்தால் முகம் இளைக்கிறது, நிமிர்ந்தால் உருண்டையாகிறது, கொஞ்ச நேரம் அது கூடத்துப் படத்தில் இருக்கும் முகம் மாதிரியே இருந்தது, குறும்பு மட்டும் இல்லை. பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, வேண்டுமானால் இந்தப் பெஞ்சிடம் சொல்லலாம். இன்றைக்குப் பதிவேட்டில் எழுதினார், நாளைக்கு ரேஷன் கார்டில், பிறகு வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்ல ஆரம்பிப்பார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பேன், ஒருநாள் வங்கியில் யாராவது உங்கள் பெயர் சொல்லுங்கள் என்று என்னையே கேட்டால் என்ன சொல்வேன். விடுதி அறையில் பச்சை வாளி ஒன்று இருக்கிறது. பெண்கள் விடுதியில் எல்லா வாளியும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் நகப்பூச்சால் பெயர் எழுதி வைப்போம், என் வாளியில் பூங்கோதை, குவளையில் பூங்கோதை, கொடியில் மாட்டும் கிளிப்பில்கூடப் பூ என்று ஓரெழுத்து. சிவப்பில் எழுதியது, தண்ணீர் பட்டுப் பட்டு முனை உதிர்ந்து போனால் மறுபடி எழுதுவேன். அந்த அறையில் அழுதிருக்கிறேன், காய்ச்சலில் கிடந்திருக்கிறேன், பொங்கலுக்குக்கூட எங்கும் போகாமல் இருந்திருக்கிறேன், ஆனால் நான் யார் என்று ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. திரும்பிப் போய்விடலாம். போன் பண்ணினால் அறை இருக்கிறது. அந்த வாளி இருக்கிறது. இவரிடம் என்ன சொல்வது, பதிவேட்டைப் பாருங்கள் என்று சொன்னால் போதும், படிக்கிற மனுஷன், புரிந்துகொள்வார். மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. எழுந்தேன்.

நாணயங்கள் இருக்கும் அறையின் வாசலில் நின்றிருந்தார். நான் கடலுக்குப் போகிறேன் என்றேன். "இந்த ஒரு ரூம்தாம்மா. காசு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்றார், கண்ணாடிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பொறுமையா பாத்துட்டு வாங்க" என்றேன். சாலையைக் கடந்தேன். மணல் செருப்புக்குள் ஏறியது, கழற்றினேன், கைப்பையைச் செருப்பின் மேல் வைத்தேன், பைக்குள் போன் இருந்தது. பெரிய கூட்டமில்லை. ஒரு குடும்பம் தூரத்தில் மாங்காய்ப் பத்தை தின்றுகொண்டிருந்தது. சாய்ந்த வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. முதல் அலை விரலைத் தொட்டுவிட்டுப் போனது, சில்லென்று இல்லை, வெதுவெதுவென்று, யாரோ வெந்நீர் விளாவி வைத்த மாதிரி. புடவையைத் தூக்கிச் செருகினேன். கணுக்கால், முழங்கால். அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகிறது, நிற்கிற இடத்திலேயே நான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறேன், நன்றாக இருக்கிறது, யாரும் பெயர் கேட்காத இடம். அறைக்குப் போன் பண்ண வேண்டும், பண்ணலாம், இன்னும் நேரமிருக்கிறது. தொடை வரை வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே போனேன். அவர் வெளியே வந்திருப்பாரா, பார்த்தால் என்ன செய்வார், கரையில் நின்று தொண்டையைச் செருமுவாரா, இந்தாம்மா என்பாரா. இந்தாம்மா என்றால் கடற்கரையில் இருக்கிற எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்ப்பார்கள். சோதித்துப் பார்க்கத்தான் தண்ணீருக்குள் போனாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. இடுப்பு வரை தண்ணீர். அப்போது அந்த அலை வந்தது, நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன், அது என்னை முழுசாகப் புரட்டியது. வாய், மூக்கு, கண் எல்லாம் உப்பு, எது மேலே எது கீழே என்று தெரியவில்லை, பச்சையாக ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது, அமைதியாகக்கூட இருந்தது. கால் மணலில் ஊன்றி எழுந்தபோது காதிலிருந்து தண்ணீர் வடிய, முதலில் கேட்டது அந்தக் குரல்தான். "கோமளா! கோமளா!"

அவர் ஓடி வந்துகொண்டிருந்தார். காலில் பூட்ஸ், சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. கடலுக்குள் ஒருநாளும் கால் வைக்காத மனுஷன் பூட்ஸோடு தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்தார், அடுத்த அலையில் விழுந்தார், எழுந்தார், மறுபடி அந்தப் பெயரையே கத்தினார், நீந்தத் தெரியாது அவருக்கு, முகம் வெளுத்துப் போயிருந்தது. என் மேல்கையை அவர் பிடித்த பிடி இன்னும் எரிகிறது. இழுத்துக்கொண்டு வந்து ஈர மணலில் உட்கார வைத்துத் தானும் விழுந்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெயர் தப்பு, ஓடி வந்தது என்னிடம். வங்கியில் என்றால் இதைக் கொட்டியிருப்பேன், ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டேன். என் வாயில் எப்போதும் வருவதுதான் வந்தது. "உங்க பேர் சொல்லுங்க" என்றேன். அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார், பிறகு பழக்கத்தில், "அருணகிரி" என்றார். "கூட வந்தவங்க பேர்?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார். "நான் இப்ப என்னன்னு கூப்பிட்டேன்?" என்றார். நான் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. அவருக்கே கேட்டிருக்கும் போல, கண்ணை மூடிக்கொண்டார். "நோட்டுல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதுக்குப் பயந்துதாம்மா கூப்பிடாம இருந்தேன். வாயத் தொறந்தா அவ பேருதான் முன்னாடி வந்து நிக்குது. நான் என்ன செய்வேன். தெனம் காலைல குழாயத் தொறந்து விட்டுட்டு உன் பேரச் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். நூறு தடவ சொல்றேன். வெளில வந்ததும் பயம் வந்துடுது, தப்பா வந்துட்டா நீ போயிடுவியேன்னு" என்றார். ஸ்லோகம் என்று நினைத்தேனே. குழாய்ச் சத்தத்துக்குள் பதினெட்டு நாளாக என் பெயர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நான் வெளியே காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "இப்ப சொல்லுங்க" என்றேன். "பூங்கோதை" என்றார். வரைபடத்தில் கோடு இழுக்கிற மாதிரி, அசங்காமல், ஒவ்வொரு எழுத்தாக. எனக்கு அழுகை வந்தது, முகமெல்லாம் கடல்தண்ணீர், அவருக்குத் தெரிந்திருக்காது. இன்னொரு தடவை என்றேன், சொன்னார். ஓடி வரும்போது ஏன் கோமளா என்று கத்தினார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் அவர் வருவாரா என்று பார்த்தவள் இருக்கிறாளே, அவளும் பார்க்கட்டும்.

தப்பாக எழுதினால் எழுதினவரே திருத்த வேண்டும், அன்றைக்கே திருத்த வேண்டும், அதுவும் எங்கள் முறை. செருப்பையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு, வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய பூட்ஸ் நடக்க நடக்கத் தண்ணீரைத் துப்பியது. கலியபெருமாள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார், எங்கள் கோலத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் கேட்ட பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். மேசைக்கு மேலே கடிகாரம் ஐந்து நாற்பது காட்டியது. பார்த்தேன். கைப்பைக்குள் போன் அமைதியாக இருந்தது. வரப்போகிற பெண் யாரோ, அந்த வாளியின் மேல் தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும், நல்ல வாளி, ஒழுகாது. "அழிக்கக் கூடாது. மேல மேல எழுதக் கூடாது. ஒரே கோடு, பழைய பேர் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் பேனாவை எடுத்துக் கோமளா என்பதன் தொடக்கத்தில் வைத்தார். கை நின்றுவிட்டது. மை ஒரு புள்ளியாக ஊறியது. இந்தக் கை கோடு போட்டே வாழ்ந்த கை, ஒரு சின்னக் கோடு அதற்கு வரவில்லை. "அவங்க பேர அடிக்க வேண்டாம். பக்கத்துல எழுதுங்க" என்றேன். காற்புள்ளி வைத்துப் பூங்கோதை என்று எழுதினார், இடம் போதவில்லை, என் பெயர் கட்டத்தைத் தாண்டித் திருச்சியை இடித்துக்கொண்டு நின்றது. நான் பேனாவை வாங்கி நபர்கள் என்ற கட்டத்தில் இருந்த இரண்டின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, மேலே மூன்று என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். கலியபெருமாள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி விரல் வைத்துப் படித்தார். "நான் ரெண்டு டிக்கெட்தானம்மா கிழிச்சேன். இது யாரு பூங்கோதை?" என்று கேட்டார். "நான்தான் பூங்கோதை" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிற இவரைப் பார்த்தார். "அப்ப கோமளாம்மா?" என்றார். "அவங்க கடல்ல கால் நனைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றேன். கலியபெருமாள் சாத்திய ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.